பைக்குள் ஓர் ஓவிய ஏடு

இறுதி இராவுணவுப் படம் தொங்காத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே அரிது. லியோனார்தோ தா வின்சி மிலான் நகரில், சாமிநாதர் சபைத் துறவியரின் உணவறைச் சுவரில் 1495க்கும் 1498க்கும் இடையே தீட்டிய ஓவியத்தின் படிகளே பெரும்பாலும் அவை. அச்சுவரோவியத்தின் விதைகள் சில, 10 சென்டிமீட்டர் உயரங்கூட இல்லாத சிறு குறிப்பேடு ஒன்றில் கிடக்கின்றன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவ்வேடு இன்றும் உள்ளது. பந்தியில் அமர்ந்தோர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை ஓவியர் அதில் குறித்துவைத்தார். குடித்துக்கொண்டிருந்தவன் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேசுபவன் பக்கம் தலையைத் திருப்புகிறான். மற்றொருவன் விரல்களைக் கோத்துக்கொள்கிறான். இன்னொருவன் உள்ளங்கைகளை விரித்துத் தோள்களைக் காதளவு உயர்த்துகிறான். வீட்டுப் படத்தில் அந்திரேயாவின் கைகளை ஒருமுறை நோக்குங்கள். திருத்தூதரின் அத்திகைப்பில், தெருவில் கண்ட மனிதரின் அசைவும் கலந்திருக்கிறது.

வெளியே செல்லும் ஓவியன் சிறு ஏடு ஒன்றை உடன்கொண்டு செல்லவேண்டும் என்பது லியோனார்தோ மாணவர்க்குக் கூறிய அறிவுரை. பேசுவோரையும் பூசலிடுவோரையும் நகைப்போரையும் சில கோடுகளில் பிடித்துவிடவேண்டும், வரைந்ததை அழிக்கலாகாது. உருவங்களும் நிலைகளும் எண்ணற்றவை, நினைவு அவற்றைத் தாங்காது என்பது அவர் காட்டும் காரணம்.

நம் நாட்டில் இவ்வழக்கத்தை வாழ்வாகவே கொண்டவர் நந்தலால் போஸ். 1882இல் இன்றைய பீகாரில் பிறந்து, வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, சாந்திநிகேதனின் கலாபவனத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்தியவர். அஞ்சலட்டை அளவிலான அட்டைகளும் மையும் தூரிகையும் அவரது பையில் இருந்தன. சுற்றியிருந்த சந்தால் சிற்றூர்களின் மாடுகளையும் மரங்களையும் உழைப்பாளரையும் கண்ட இடத்திலேயே வரைந்தார். அத்தகைய அட்டைகளையே மாணவர்க்கும் நண்பர்க்கும் மடலாக அனுப்பினார். மாணவரைச் சிலைகளின் படிகளோடு அறைக்குள் அடைத்துவைக்காமல் வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றதே அவர் கற்பித்தலின் சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

இப்பழக்கம் எதற்கு உதவும் என்பதை 1938 காட்டிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் குஜராத்தின் அரிபுராவில் காங்கிரசு மாநாடு கூடியது. பந்தலை அழகுசெய்யும் பணியைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். சிற்றூரில் கூடும் மாநாடு சிற்றூர் மக்களுக்கு அந்நியமாய் இருத்தலாகாது என்பது அடிகளின் விருப்பம். ஓவியரோ அங்கிருந்த எளிய மக்களைப் பேனாவாலும் தூரிகையாலும் முதலில் வரைந்து பார்த்தார். பின்னரே தாளில் மண் நிறங்களைக் குழைத்து எண்பதுக்கும் மேற்பட்ட பெரும்படங்களை ஆக்கினார். உழவர், மேளக்காரர், கைவினைஞர், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்டிர் ஆகியோரே அவற்றின் நாயகர். தலைவர்கள் நுழைந்த வாயில்களில் தலைவர்களின் படங்கள் இல்லை! உழைக்கும் ஏழைக்கு அவ்விடம் கிடைத்தது. எந்த அரசியல் தீர்மானத்தைவிடவும் இது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

அவருடைய மாணவர் கே.ஜி. சுப்பிரமணியன் கேரளத்தில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் கலாபவனம் சேர்ந்தார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புத் துறையிலும் பணியாற்றினார் என்பது நெசவுச் சீமையினரான நமக்கு உவப்பான செய்தி. சாந்திநிகேதனில் பயின்ற கோவாக் கத்தோலிக்கர் ஆஞ்சலோ த பொன்செக்கா அன்னை மரியாவைச் சேலையுடுத்திய இந்தியத் தாயாகத் தீட்டினார். அதற்காகத் தம் மக்களிடமே கண்டனம் பெற்றார்.

2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த நமது 15 வேலம்பாளையத்தில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மக்களும் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். நந்தலால் நின்று நோக்கிய அதே மண்ணின் மக்கள் அவர்கள். ஓவர்லாக் பொறியின் முன்னும் செக்கிங் மேசையிலும் குனிந்திருக்கும் அவர்களை 'வடக்கத்தியர்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். திருப்பலியில் பின்வரிசையில் நிற்போரையும் அவ்வாறே. செல்வனான இளைஞனை ஆண்டவர் உற்றுநோக்கி அன்புகொண்டார் என்று மாற்கு குறிக்கிறார். அன்புக்கு முன் நோக்குதல் நிகழ்ந்தது. ஒரு முகத்தை வரைய விழைபவன் அதனைச் சில நிமிடமேனும் நோக்கியே ஆகவேண்டும். அந்நேரத்தில் அம்முகத்தை வேறொருவருடையதாக எண்ண இயலாது.

நம் மறைக்கல்விச் சிறாருக்குக் கோடில்லாத சிறு நோட்டு ஒன்றைச் சட்டைப் பைக்கென்று கொடுத்தோம். இரப்பர் கூடாது, வெளியில் கண்டதையே வரையவேண்டும் என்பவை மட்டுமே விதிகள். முதல் இரு வாரங்கள் வழக்கம்போல் இரு மலைகளுக்கிடையே சூரியன் உதித்தது. அதன்பின் தேநீர்க் கடைப் பெஞ்சு வந்தது. துணிப் பொதி ஏற்றிய மொபெட்டு வந்தது. தெருக்குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்ணொருத்தி வந்தாள். கைகள் மிகப் பெரியவையாகவும் கால்கள் மிகச் சிறியவையாகவும் அமைந்த படம் அது. வரைந்த சிறுமியிடம் அப்பெண் யார் என்று கேட்டோம். தங்கள் லைன் வீட்டில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒடிசா அக்கா என்றாள், பெயர் தெரியாது. அடுத்த ஞாயிறு படத்தின் அடியில் பெயரை எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்துப் பிழையிருந்தது, அதையும் அழிக்கவில்லை.