பேயின் பாலும் படத்தின் மொழியும்

தமிழில் 'பேய்' அஃறிணைச் சொல். 'பேய் வந்தது' என்பதே வழக்கு. ஆயினும் சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் நிணம் உண்டு ஆடுபவள் பேய்மகள். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். பேயாழ்வாரோ ஆடவர். இருபாலார்க்கும் இடந்தந்த இச்சொல்லைத் திரைப்படம் பெரிதும் பெண்ணுக்கே உரியதாக்கிற்று. வெண்சேலை, அவிழ்ந்த கூந்தல், கொலுசொலி, நள்ளிரவுப் பாடல் ஆகியவை அவளுக்கு வகுக்கப்பட்டன. அவளை அடக்குவோராகிய மந்திரவாதி, பூசாரி, மனநல மருத்துவர் ஆகியோர் ஏறத்தாழ எப்போதும் ஆடவரே. கமால் அம்ரோகியின் 'மகல்' (1949) இவ்வார்ப்பை நிலைநிறுத்திய இந்திப் படங்களுள் முதன்மையானது. அப்படத்தில் பேயாகத் தோன்றுபவள் உண்மையில் தோட்டக்காரனின் மகள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். உருவம் மட்டும் நிலைத்தது.

இந்தியின் நிலை வேறு. அங்கு அஃறிணைப் பால் என ஒன்றில்லை. ஒவ்வொரு பெயரும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தே தீர வேண்டும். 'பூத்', 'பிரேத்' ஆண்பால். 'சுடைல்', 'டாயன்' பெண்பால். வடமொழியில் ஆண்பாலாகிய 'ஆத்மா' இந்தியில் பெண்பாலாகிவிட்டது. இவ்வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. 'நான் வந்தேன்' என்னும் தமிழ்த் தொடரில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. இந்தியில் 'ஆயா', 'ஆயீ' என வினைமுற்றே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் உடலில் மற்றொருவர் ஆவி புகுந்து பேசும் காட்சிகளில் இதன் விளைவு பெரிது. ராகவா லாரன்சின் 'காஞ்சனா'வில் (2011) திருநங்கை ஒருவரின் ஆவி ஓர் ஆடவன் உடலில் புகுகிறது. தன்மை வினை பாலுணர்த்தாத தமிழில் குரலும் நடையும் சேலையுமே அம்மாற்றத்தைச் சுமக்க வேண்டும். அவரே இந்தியில் எடுத்த 'லக்ஷ்மி'யில் (2020) அவ்வேலையை ஒரு விகுதி செய்துவிட முடியும். மிகைநடிப்பு என்று தமிழ்ப் படங்கள்மீது சுமத்தப்படும் குறையில் ஒரு பங்கு இலக்கணத்தைச் சாரும் போலும்.

தலைப்பின் மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் உண்டு. ராஜ் கோஸ்லாவின் 'வோ கௌன் தீ?' (1964) என்னும் பெயரில் 'வோ' எப்பாலுக்கும் பொது. இறுதியில் நிற்கும் வினை மட்டுமே பெண் என்கிறது. தெலுங்கில் அது 'ஆமெ எவரு?' எனப் படர்க்கைப் பெண்பாலில் நின்றது. தமிழில் 1966இல் 'யார் நீ?' ஆயிற்று. 'அவள் யார்' என்னும் பெயரில் 1959இலேயே ஒரு தமிழ்ப் படம் வந்துவிட்டமை காரணமாகலாம். எவ்வாறாயினும் பெண்பால் மறைந்தது; அவளைப் பற்றிய வினா அவளிடமே கேட்கப்படும் வினாவாக மாறியது. இது இழப்பன்று.

மொழியாளர்க்கு மிகவும் பயன்தரும் சான்று 'மணிச்சித்ரத்தாழ்' (1993). மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய இம்மலையாளப் படத்திற்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். கங்கை என்னும் மலையாளப் பெண், கொலையுண்ட நாகவல்லியாகத் தன்னை எண்ணும்போது தமிழ் பேசுகிறாள். நாகவல்லி தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகள். பி. வாசு இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) என எடுத்தபோது ஆடல்மகள் தெலுங்கு பேசினாள். தமிழில் அவர் இயக்கிய 'சந்திரமுகி'யிலும் (2005) தெலுங்கே. பிரியதர்ஷனின் 'பூல் புலையா'வில் (2007) மஞ்சுளிகா வங்காளி. நான்கு படங்களிலும் பேயின் மொழி அண்டை மொழி; பேசுபவள் ஆடல்மகள்; அவளைக் கொன்றவன் உள்ளூர்த் தலைவன்; மீட்பவன் ஆடவனாகிய மனநல மருத்துவன். மலையாளிக்கு அச்சமூட்டிய தமிழ் தமிழர்க்கு அன்றாட மொழி. எனவே தமிழ்ப்படம் தெலுங்கை நாட வேண்டியதாயிற்று. இங்கு மொழிபெயர்க்கப்பட்டது உரையாடல் அன்று, அயன்மை. உரையாடலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் கதை குலைந்திருக்கும். அதே வேளையில், அயல்மொழி பேசும் ஆடல்மகளே அச்சத்திற்குரியவள் என்னும் எண்ணத்தை ஒரு மொழியும் கைவிடவில்லை என்பதையும் காண வேண்டும்.

தில்லிக்கு வந்த ஒரு தமிழ்ப் பேயின் கதையும் உண்டு. மிஷ்கினின் 'பிசாசு' (2014) வழக்கமான வார்ப்பை உடைத்த படம். விபத்தில் இறந்த பவானி, தன்னைக் காப்பாற்ற முயன்ற இளைஞன் வீட்டில் அவனுக்குக் காவலாகத் தங்குகிறாள். 'பிசாசு' என்னும் அஃறிணைத் தலைப்பு பார்வையாளரின் அச்சத்தைத் தூண்டிப் பின் அதனையே நாணச் செய்கிறது. தில்லியைக் களமாகக் கொண்ட இந்தி வடிவம் 'நானு கீ ஜானு' (2018) எனப்பட்டது. 'நானுவின் அன்புக்குரியவள்' என்பது பொருள். வயலின் இசைப்பவன் வீடுகளைப் பறிக்கும் அடியாளானான். பிசாசு அவனுக்கு உடைமையானாள். 'கீ' என்னும் வேற்றுமை உருபே அவள் பெண் என்றும் அவனுடையவள் என்றும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. எதிர்பார்ப்பைக் கவிழ்க்கும் வாய்ப்பு தலைப்பிலேயே போயிற்று.

தில்லியின் வழக்கிலிருந்து தமிழுக்கு வரும் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. 'சுடைல்' பெரும்பாலும் மகப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. பாதங்கள் பின்னோக்கித் திரும்பியவள் என்பது நம்பிக்கை. தமிழில் அதனை 'மோகினி' என்றால் பேறுகால இறப்பு நீங்கி மயக்கும் அழகு மட்டும் எஞ்சும். 'பெண்பேய்' அத்துணை அழகிய சொல் அன்று, ஆயினும் பொய் சொல்லாது. 'டாயன்' இறந்தவள் அல்லள். தீய ஆற்றல் உடையவள் என்று பழிக்கப்படும் உயிருள்ள பெண். 'ஏக் தீ டாயன்' (2013) முதலிய படங்கள் அவளை வேற்றுலகத்தாளாகக் காட்ட, சட்டமோ அவளைக் காக்க வேண்டியிருந்தது. பிகார் அரசு 1999இல் இயற்றிய சூனியப் பழி தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'டாயன்' உள்ளது. அவ்வாறு பழிக்கப்பட்ட பெண் என்றே சட்டம் அதற்கு விளக்கம் தருகிறது. சார்க்கண்டு 2001இல் அச்சட்டத்தை ஏற்றது.

2017ஆம் ஆண்டின் நடுவில் தில்லியின் புறப்பகுதிகளிலும் அரியானா, இராசத்தான் மாநிலங்களிலும் பெண்களின் பின்னல் மறைவாக வெட்டப்படுவதாக வதந்தி பரவியது. ஆகஸ்டு மாதம் ஆக்ரா மாவட்டத்தில் முதியவள் ஒருத்தி அப்பழிக்கு ஆளாகி அடித்துக் கொல்லப்பட்டாள். இத்தகைய செய்தியைத் தமிழாக்குவோர் 'டாயன்' என்பதற்குப் 'பேய்' என எழுதினால் கொல்லப்பட்டவள் அஃறிணையாகிவிடுவாள். 'சூனியக்காரி' என எழுதினால் பழி உண்மையெனப் பதிவாகும். 'சூனியக்காரி எனப் பழிக்கப்பட்டவள்' என்னும் நீண்ட தொடரே அவ்விடத்திற்குரியது. இதழ்த் தலைப்பில் இடம் போதாது என்பது அதனைச் சுருக்கப் போதுமான காரணம் அன்று.