ஆற்றோரம் இரண்டு குடும்பங்கள்

ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில், லெவன் ஆறு கிளைடோடு கலக்கும் இடத்துக்கு அருகே டென்னி குடும்பத்தார் 1840களில் கப்பல் கட்டத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் எம்ஸ் ஆற்றங்கரையில் மேயர் குடும்பம் 1795இலேயே தொடங்கிவிட்டது. இரு தளங்களின் வாசலிலும் ஓடியது ஆறுதான். கடல் தள்ளியே இருந்தது.

டென்னிகள் தண்ணீரைப் படித்தார்கள். 1883இல், கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று தனக்கென அமைத்த முதல் சோதனைத் தொட்டியைக் கட்டினார்கள். மெழுகில் வார்த்த மாதிரிக் கப்பலை அதில் இழுத்து, நீரின் எதிர்ப்பை அளந்த பிறகுதான் இரும்பில் கைவைப்பார்கள். ஐராவதி ஆற்றுக்காக ஆழம் குறைந்த நீராவிக் கப்பல்களைச் செய்து, பிரித்து ரங்கூனுக்கு அனுப்பி அங்கே பூட்டினார்கள். டர்பைனில் ஓடிய முதல் வணிகப் பயணிகள் கப்பலான 'கிங் எட்வர்ட்' (1901) இவர்களுடையதே.

மேயர்களுக்கும் அந்தப் பிரித்துப் பூட்டும் வித்தை தெரியும். 1913இல் கட்டிய 'கிராஃப் கோட்சன்' பெட்டி பெட்டியாக ஆப்பிரிக்கா போய், தங்கனிக்கா ஏரிக்கரையில் கப்பலானது. பிறகு 'லியம்பா' என்று பெயர் மாறியது.

1980களில் மேயர்கள் உல்லாசக் கப்பல்களுக்குத் திரும்பியதும் வழி மாறியது. 300 மீட்டரைத் தாண்டும் கப்பல்கள் கூரைக்கடியில் உருவாகி, இழுவைப் படகுகளின் துணையோடு பின்புறம் முன்னாகக் குறுகிய எம்ஸில் நகரும். இரு கரையிலும் தேரோட்டத்துக்குக் கூடுவதைப் போலக் கூட்டம். ஆனால் இந்தக் கப்பல்கள் போவதற்காக அரசு ஆற்றைத் தோண்டியது. 2002இல் அதே ஆற்றில் கான்டர்சும் என்ற இடத்தில் தடுப்பணை வந்தது. கப்பல் போகும் நாளில் அது நீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்தும். தோண்டத் தோண்ட ஆற்றில் சேறு பெருகியது. கோடையில் மீன்களுக்கு உயிர்வளி போதவில்லை.

டென்னிகள் கப்பலை ஆற்றுக்கு ஏற்பச் செய்தார்கள், மேயர்கள் ஆற்றைக் கப்பலுக்கு ஏற்ப மாற்றவைத்தார்கள் என்பேன். அறிவில் எனக்கு டென்னிகளே மேல். ஆனால் பிழைத்தது மேயர்தான். டென்னி நிறுவனம் 1963இல் கலைக்கப்பட்டது. இன்று அந்தத் தொட்டி அருங்காட்சியகம்.

மேயருக்கும் 2024இல் அதே கதி வந்திருக்கும். கட்டிய கப்பல்களுக்குக் கிடைத்தது பெருந்தொற்றுக்கு முன்பே பேசிய விலை. அதில் பெரும்பகுதி கப்பலை ஒப்படைத்தால்தான் கைக்கு வரும். இடையில் இரும்பும் மின்சாரமும் விலையேறின. ஜெர்மனியின் மத்திய அரசும் லோயர் சாக்சனி மாநிலமும் 40 கோடி யூரோ போட்டு ஏறத்தாழ 80 சதவீதப் பங்கை வாங்கின. குடும்பச் சொத்தில் அரசு நுழைந்துவிட்டதே என்று சிலர் வியந்தார்கள். ஆற்றைத் தோண்டிய நாளிலிருந்தே அரசு அந்தத் தொழிலில் பங்காளிதான். 2024இல் அது பத்திரத்தில் ஏறியது, அவ்வளவே.