துளை முந்தியதா, பொருத்தம் முந்தியதா? திருகாணித் துளை சொல்லும் தொழில்நுட்ப வரலாறு

பழைய துப்பாக்கியின் கட்டையில் வேறொரு குழலைப் பொருத்த முனைபவருக்கு முதலில் தடையாக நிற்பது ஒரு திருகாணித் துளை. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில், குழலின் பின்முனையிலிருந்து நாக்குப் போன்ற ஓர் இரும்புத் தகடு பின்னோக்கி நீளும். அதைக் குழலின் வால் எனலாம். அந்த வாலின் துளையில் மேலிருந்து இறங்கும் திருகாணி, கட்டையின் மரத்தை ஊடுருவி, அடியிலுள்ள விசைத்தகட்டின் மரையில் இறுகுகிறது. இரும்பு, மரம், மீண்டும் இரும்பு என மூன்று துளைகளும் ஒரே அச்சில் நின்றாலன்றித் திருகாணி நேரே இறங்காது.

மயிரிழை பிசகினாலும் விளைவு சிறிதன்று. வலிந்து முறுக்கப்பட்ட திருகாணி குழலை அதன் இருப்பிடத்திலிருந்து நகர்த்திவிடும். குழலின் பின்முகம் மரத்தோடு நெருங்கி அமர்ந்திருந்தால், வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பைக் கட்டை முழுவதும் தாங்கும். இடைவெளி விழுந்தால் அந்த உதைப்பு திருகாணியின் மீதும் அதைச் சூழ்ந்த மெல்லிய மரத்தின் மீதும் இறங்கும். கட்டை கைப்பிடியருகே பிளக்கும். குழலின் பக்கவாட்டிலுள்ள தீத்துளையும் விசைப்பொறிக்கு நேராக நில்லாது போகும்.

கைவினைக் கொல்லர் இந்தச் சிக்கலை அளவெடுத்துத் தீர்க்கவில்லை. செயல்களின் வரிசையால் தீர்த்தார். குழலின் அடியில் விளக்குப் புகைக்கரியைப் பூசிக் கட்டையில் அழுத்துவார். கரி படிந்த மேடுகளை மட்டும் சுரண்டி எடுப்பார். குழல் அசையாது அமரும் வரை இது தொடரும். அதன் பின்னரே, குழலும் கட்டையும் விசைத்தகடும் சேர்ந்திருந்த நிலையில், மூன்றையும் ஒரே போக்கில் துளைப்பார். தகட்டில் மரை வெட்டுவார். வாலின் துளையைச் சற்று அகலப்படுத்துவார். துளைகள் பிறக்கும்போதே நேராகப் பிறந்தன. ஆனால் அந்த நேர்மை அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. கைவேலைத் தோட்டில் ஒரு காதின் திருகாணி மறு காதின் தோட்டில் ஏறாததை நம் வீடுகளில் பலர் அறிவர். துப்பாக்கியின் நிலையும் அதுவே.

எல்லா மரபுகளும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டன என்பதற்கில்லை. இந்தியத் திரித்துப்பாக்கிகள் பலவற்றில் குழலைக் கட்டையோடு தோல்வாராலோ கம்பியாலோ உலோகப் பட்டையாலோ கட்டினர். கட்டை அவிழ்த்து மீண்டும் கட்டுவதற்குத் துளைகளின் நேர்மை ஒரு தடையாகாது. இதைப் பிற்பட்ட நுட்பம் என ஒதுக்குவது எளிது. பழுதுபார்ப்பவரின் கோணத்திலிருந்து பார்த்தால் மதிப்பீடு மாறும்.

படைகளுக்கோ வேறொரு தேவை இருந்தது. களத்தில் உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு உடனே பொருந்த வேண்டுமெனில், சேர்த்த பின் துளைக்கும் வரிசை தலைகீழாக வேண்டும். அதாவது முன்னரே, தனித்தனியே, வெவ்வேறு கைகள் துளைத்த உறுப்புகள் பின்னர் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய உறுப்புகளின் வரலாறு இந்த வரிசை மாற்றத்தின் வரலாறே.

பிரான்சில் ஒனோரே பிளாங்க் 1785இல் 50 விசைப்பொறிகளைக் கழற்றி உறுப்புகளை வகைபிரித்து வைத்தார். தாமஸ் ஜெபர்சன் கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் எலி விட்னி 10,000 துப்பாக்கிகளுக்கு 1798இல் ஒப்பந்தம் பெற்றார். 1801இல் தலைநகரில் ஒரு செயல்விளக்கமும் நடத்தினார். பாடநூல்கள் பல அவரையே மாற்றுறுப்பு முறையின் தந்தை என்றன. வரலாற்றாசிரியர் ராபர்ட் வுட்பரி 1960இல் அந்தக் கதையை மறுத்தார். எஞ்சியிருக்கும் விட்னி துப்பாக்கிகளை ஆராய்ந்தபோது உறுப்புகள் தமக்குள் மாறிப் பொருந்தவில்லை. ஆவணமும் புகழும் ஒன்றைச் சொல்ல, இரும்பு வேறொன்றைச் சொன்னது.

உண்மையான திருப்பம் ஹார்ப்பர்ஸ் பெர்ரி படைக்கலச் சாலையில் நிகழ்ந்தது. 1819இல் ஒப்பந்தம் பெற்ற ஜான் ஹால் அங்குச் செய்தது பின்புறம் மருந்திடும் துப்பாக்கி. எனினும் அவர் வகுத்த முறை எல்லாவகைக்கும் பொதுவானது. ஓர் உறுப்பின் ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து அளந்தால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிவிடும். ஹால் எல்லா அளவுகளையும் ஒரே ஆதாரப்புள்ளியிலிருந்து தொடங்கினார்; கேஜ்களும் உறுப்பைப் பிடிக்கும் சட்டங்களும் அந்தப் புள்ளியையே பற்றின. கொல்லரின் கண் செய்த வேலை கருவிக்கு மாறியது.

குழல்வாய் வழி மருந்திடும் துப்பாக்கிகளில், ஸ்பிரிங்பீல்டிலும் ஹார்ப்பர்ஸ் பெர்ரியிலும் செய்யப்பட்ட 1842 மாதிரியில் இம்முறை நிலைபெற்றது. 1854இல் ஸ்பிரிங்பீல்டுக்கு வந்த பிரித்தானியக் குழு, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைத் தேர்ந்து, கழற்றி, உறுப்புகளைக் கலந்தது. தொழிலாளி ஒருவர் அவற்றை மீண்டும் பூட்டினார். அவர் கையிலிருந்த ஒரே கருவி திருப்புளி. அரமும் வேண்டியிருக்கவில்லை, துரப்பணமும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பயணத்தின் விளைவாக அமெரிக்க இயந்திரங்கள் இங்கிலாந்தின் என்பீல்டு சாலைக்கு வந்தன. அங்கு உருவான 1853 மாதிரியை இந்தியா 1857இன் கொழுப்புத் தடவிய தோட்டாவின் வழியே நினைவில் வைத்திருக்கிறது. 39 அங்குலக் குழல், 0.577 அங்குல வாய், மூன்று பட்டைகள், வாலில் ஒரு திருகாணி. ஆனால் பெயரால் ஒன்றான அந்தத் துப்பாக்கி செய்முறையால் இரண்டு. என்பீல்டு இயந்திரங்களில் செய்தவை தமக்குள் மாறிப் பொருந்தும். பர்மிங்காமின் ஒப்பந்தக் கொல்லர்கள் கையால் இழைத்தவை பொருந்தா. ஒன்றின் குழலை மற்றொன்றின் கட்டையில் வைத்தால் வாலின் துளையும் மரத்தின் துளையும் சற்றே விலகி நிற்கக்கூடும். அந்த விலகலில் இரு உற்பத்தி முறைகளின் எல்லை தெரிகிறது.

இங்குதான் பழுதுபார்ப்பவரின் துரப்பணம் வரலாற்றில் குறுக்கிடுகிறது. பொருந்தாத துளையைச் சரிசெய்யும் வழி நெடுங்காலமாக அறியப்பட்டது: மரத்தின் பழைய துளையைக் கடினமரத் தக்கையால் அடைத்து, குழலைச் சரியாக அமர்த்தி, வாலின் துளை வழியே புதிதாகத் துளைப்பது. பயன்பாட்டில் உள்ள துப்பாக்கிக்கு அது நல்ல மருத்துவம். ஆய்வுக்குரிய துப்பாக்கிக்கு அதுவே சான்றழிப்பாகலாம். எந்தக் குழல் எந்தக் கட்டைக்கு உரியது, செய்தது கையா கருவியா, இடையில் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பனவற்றைப் பல நேரங்களில் அந்தப் பழைய துளை மட்டுமே சொல்லும்.

ஆகவே, அருங்காட்சியகங்களில் உள்ள துப்பாக்கிகளுக்கு விவரப்பட்டியல் எழுதுவோர் குழலின் முத்திரையையும் ஆண்டையும் குறிப்பதோடு நின்றுவிடலாகாது. திருகாணியைக் கழற்றி, துளையின் சாய்வு, மரையின் இடைவெளி, அடைக்கப்பட்ட பழைய துளையின் சுவடு ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். விட்னியின் கதை திருத்தப்பட்டது பொருளைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களால்தான். நம் சேகரிப்புகளில் இன்னும் கழற்றப்படாத திருகாணிகளுக்கு அடியிலும் அத்தகைய சான்றுகள் இருக்கலாம். துளைக்கும் முன் அவற்றைப் படிப்பதே முறை.