சுபாங் - பினாங்கு: விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தைப்பூசத்துக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்கு போறீங்களா? டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க.

தூரம்: சுபாங் விமான நிலையத்திலிருந்து பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையம் வரை நேர்க்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். கேஎல்ஐஏ-விலிருந்து சுமார் 325 கிலோமீட்டர்.

நேரம்: இரண்டுக்குமே ஏறக்குறைய 1 மணி நேரம். சுபாங் பக்கம்தானே, ஏன் குறையவில்லை? அங்கிருந்து பெரும்பாலும் பறப்பது ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஜெட் அதைவிட வேகமாகப் போகும்.

280 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதுமே என்கிறீர்களா? டிக்கெட்டில் உள்ள நேரத்தில் விமானம் ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்கி நிற்பது எல்லாம் அடக்கம்.

வீட்டிலிருந்து: கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் டெர்மினல் 1-க்குப் போய்விடும். சுபாங்குக்குக் காரில் போனால் சாலை நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் காத்திருப்பு, அங்கிருந்து ஜார்ஜ்டவுன் வரை சாலைப் பயணம் என்று கூட்டினால் 4 மணி நேரத்தை நெருங்கிவிடும். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலும் சுமார் 4 மணி நேரத்தில் பட்டர்வொர்த் சேரும், பிறகு ஃபெர்ரி.

அதனால் டிக்கெட் நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து எண்ணுங்க.