பல்லைக் காப்பவரின் செவி

பல் மருத்துவரின் நாற்காலியில் ஒரு முறையேனும் உட்கார்ந்தவர்கள் அந்த ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். ஊசி மருந்தால் ஈறு மரத்துப் போகும். காது மரத்துப் போவதில்லை. சொத்தைப் பல்லைக் குடையும் கருவி கிறீச்சிடும்போது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். நமக்கு அது பத்து நிமிட வேதனை. ஆனால் அந்த ஓசையோடு நாள் முழுதும் இருப்பவர்கள் உண்டு. மருத்துவர் ஒருவர், அருகில் நிற்கும் உதவியாளர் மற்றொருவர், பின்னறையில் உட்கார்ந்து பல் செட் தேய்க்கும் தொழில்நுட்பர் இன்னொருவர். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து இவர்களுடைய காது என்ன ஆகும்?

இக்கேள்விக்கு விடை காணப் பல் மருத்துவமனையில் தொடங்கிப் பயனில்லை. முதலில் கன்னார் தெருவுக்கும் கொதிகலன் பட்டறைக்கும் போய்வர வேண்டும்.

பட்டறையில் தொடங்கிய கதை

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேட்க வேண்டும் என மருத்துவர்களுக்குக் கற்பித்தவர் அவர். வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் தட்டுவோர் நாளடைவில் காது மந்தமாகி, முதுமையில் முற்றும் செவிடாவதை அவர் எழுதி வைத்தார். 1831-இல் ஜான் ஃபாஸ்புரோக் என்ற ஆங்கில மருத்துவர், கொல்லர்களின் செவிட்டுத்தன்மை திடீரென வருவதன்று, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது என்று விளக்கினார்.

ஆனால் கண்டதை எண்ணிக் காட்டியவர் கிளாஸ்கோ நகரின் தாமஸ் பார். 1886-இல் அவர் 100 கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். அன்று மின் கருவிகள் இல்லை. கைக்கடக்கமான கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசை எத்தனை தூரம் வரை கேட்கிறது என்று பார்த்தார். நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் குறையற்ற செவி இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்கச் சிரமப்பட்டவர்கள், கொதிகலன் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேர். தபால்காரர்களில் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே.

கொதிகலன் பட்டறை எத்தகைய இடம் என்பதைத் திருச்சி வட்டாரத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. வையம்பட்டியில் ரயிலேறி மணப்பாறை வழியாகத் திருச்சி சந்திப்பை அடைந்தால், அடுத்துக் கிழக்கே இருப்பது பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-இல் அங்கு இடம் மாறியது. நீராவி என்ஜின்கள் ஓடிய காலம் முழுதும் கொதிகலன் பழுதுபார்ப்பது அங்கே அன்றாட வேலை. 1965-இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும் வந்தது. இரும்பைச் சம்மட்டி அறையும் ஓசை காதைக் கெடுக்கும் என்பதை இங்கே யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. சிறு கருவியின் மெல்லிய கீச்சொலியும் கெடுக்குமா என்பதே நம் கேள்வி.

காலால் மிதித்த கருவி

1871-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மாரிசன், தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் பல் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். அது நிமிடத்திற்குச் சுமார் 2,000 முறை சுழன்றது. 1875-இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தால் இயங்கும் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வேகம் ஏறிக்கொண்டே போனது. வேகம் கூடினால் பல் விரைவில் குடையப்படும்; நோயாளிக்கு அதிர்வும் வலியும் குறையும். நியூஸிலாந்தில் ஜான் வால்ஷ் 1949-இல் காற்றால் சுழலும் துளைப்பானை உருவாக்கினார். அமெரிக்கரான ஜான் போர்டன் வடிவமைத்த 'ஏரோட்டார்' 1957-இல் விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 3,00,000 சுற்று!

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 சுற்றை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 33. காலால் மிதித்த கருவியின் சுழற்சி எழுப்பியது தாழ்ந்த உறுமல்தான். 3,00,000 சுற்றை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 5,000. அதாவது 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள கீச்சொலி. அந்த எண்ணில்தான் சங்கடம் இருக்கிறது.

செவிக்குள் நடப்பது

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் வரிசை வரிசையாக மயிரணுக்கள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. நகம் வெட்டினால் வளரும்; தோல் கிழிந்தால் ஆறும். அழிந்த மயிரணு மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பேரிரைச்சலில் முதலில் அழிபவை பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்பவை. ஏரோட்டாரின் 5,000 ஹெர்ட்ஸ் சரியாக அந்த எல்லைக்குள் விழுகிறது.

இழப்பு வலியில்லாமல் வரும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். 'அவர் பேசுவது கேட்கிறது; என்ன பேசுகிறார் என்பதுதான் விளங்கவில்லை' என்பார்கள். சிலருக்குக் காதில் ஓயாத ரீங்காரமும் சேரும்.

அளந்தபோது தெரிந்தது

ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிப்பர். இது சாதாரண எண்ணிக்கை போன்றதன்று; 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்படக் கூடாது என்பது அறிவியலார் பலரும் கூறும் எல்லை. அதன்படி 88 டெசிபெல்லானால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரமே தாங்கலாம்.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அளந்த இரைச்சல் 60 முதல் 99 டெசிபெல் வரை இருந்ததென்று 2006-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. நல்ல நிலையிலுள்ள ஏரோட்டார் பெரும்பாலும் 85-க்குக் கீழேயே நிற்கிறது. அதையும் நாள் முழுதும் இடைவிடாமல் ஓட்டுவதில்லை. எனவேதான் பல் மருத்துவர்களின் செவியைச் சோதித்த ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. சிலவற்றில் இழப்பு தெரிந்தது. சிலவற்றில் வயதால் வரும் குறைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தாங்குருளை தேய்ந்த பழைய கருவியோ கூடுதலாக அலறும்.

மருத்துவரின் அறையைவிடப் பின்னறையில்தான் ஆபத்து மிகுதி. அங்கே மாவுக்கல் அச்சைச் சீவும் இயந்திரம், உலோகத்தை அறுக்கும் சக்கரம், மணல் பீய்ச்சி, கம்ப்ரஸர் எல்லாம் சிறிய அறையில் அடைந்து கிடக்கின்றன. வெறுஞ்சுவர்கள் ஓசையை உறிஞ்சாமல் எதிரொலிக்கின்றன. 90 டெசிபெல்லைத் தாண்டுவது அங்கே அரிதன்று.

சட்டம் நின்ற இடம்

1948-ஆம் ஆண்டு நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று பல் மருத்துவர் சட்டம். பல் செட் செய்யும் தொழில்நுட்பரையும் அது பெயரிட்டுக் குறித்தது. மற்றொன்று தொழிற்சாலைகள் சட்டம். மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் ஒன்று அதில் இருந்தது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு சட்டம் தொழிலை அங்கீகரித்தது. இன்னொரு சட்டம் நோயை அங்கீகரித்தது. ஆனால் இரண்டும் சந்திக்கவில்லை. மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 தொழிலாளராவது இருந்தால்தான் அது 'தொழிற்சாலை' என்றது அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டமோ அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. இரண்டு, மூன்று பேர் வேலை செய்யும் பல் செட் கூடம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆட்களை எண்ணிப் பார்ப்பது சட்டம். மயிரணுவோ தன்மேல் விழும் ஓசையை மட்டுமே அறியும்.

செய்யக்கூடியவை

பரிகாரங்கள் எளியவை. கம்ப்ரஸரை அறைக்கு வெளியே வைக்கலாம். கருவிக்கு நாள் தவறாமல் எண்ணெய் இட்டு, தேய்ந்த தாங்குருளையை உடனே மாற்றலாம். உலோகம் அறுக்கும்போது காதடைப்பான் அணியலாம். வேலையில் சேரும்போது ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் செவியைச் சோதித்துக் குறித்து வைக்கலாம். முதல் குறிப்பு இல்லாவிட்டால் பிற்பாடு எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல வழியில்லை.

'பல்லுப் போனா சொல்லுப் போச்சு' என்பது நம் பழமொழி. பிறர் சொல் குழறாமல் இருக்கப் பின்னறையில் ஒருவர் உட்கார்ந்து பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்க அவருக்குக் காது வேண்டும் அல்லவா?