பவளங்களின் வெப்பத் தாங்குதிறன்: தொட்டிச் சோதனைகளின் வரலாறு

பாறை கட்டும் பவள உயிரிகள் வெதுவெதுப்பான கடலில் வாழ்பவை. ஆனால் அவை பழகிய கோடைச் சூட்டுக்கும் அவற்றைக் கொல்லும் சூட்டுக்கும் நடுவே இருப்பது சில டிகிரி இடைவெளிதான். அதை அளக்க, பவளத் துண்டுகளைக் கடல்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றிப் பார்ப்பதே தொட்டிச் சோதனை. நூறாண்டுக்கும் மேலான இதன் வரலாற்றில் கருவிகளைவிடக் கேள்விதான் அதிகம் மாறியிருக்கிறது.

முதல் கேள்வி நேரடியானது: எந்தச் சூட்டில் பவளம் சாகும்? ஃபுளோரிடாவின் டார்ட்டுகாஸ் தீவுகளில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வகத்தை நடத்திய ஆல்ஃபிரட் மேயர், 1914இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டலக் கடலுயிர்கள் தம் சாவு வெப்பநிலைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்று காட்டினார். 1928–29இல் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் ஆய்வு நடத்திய மாரிஸ் யோங்கும் நிக்கல்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். சூடேறிய நீரில் பவளம், தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. பவளத்தின் நிறத்துக்கும் உணவில் பெரும்பகுதிக்கும் அந்தப் பாசிகளே காரணம். பின்னாளில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ‘பவள வெளிறல்’ இதுவே.

1970களில் ஹவாயில் பால் ஜோக்கியலும் ஸ்டீவ் கோல்ஸும் செய்த வேலைதான் இத்துறையின் திருப்புமுனை. ஓவாஹுத் தீவின் காஹே முனையில் மின் நிலையம் கடலில் விட்ட சுடுநீர் அங்குள்ள பவளங்களை என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தவர்கள். ஹவாய்ப் பவளங்களையும் மார்ஷல் தீவுகளிலுள்ள எனிவெடோக்கின் பவளங்களையும் ஒப்பிட்டு 1976இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: எனிவெடோக்கின் கோடைக் கடல் சுமார் 2 டிகிரி கூடுதல் சூடு, அங்குள்ள பவளங்கள் தாங்கும் உச்சமும் ஏறத்தாழ அதே 2 டிகிரி கூடுதல். ஆகவே எல்லாப் பவளங்களுக்கும் பொதுவான ஒரே சாவு வெப்பநிலை கிடையாது. சொந்தக் கடலின் கோடையை வைத்தே ஒவ்வொன்றின் எல்லையையும் கணக்கிட வேண்டும். காலமும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. வழக்கமான கோடையைவிட 3–4 டிகிரி கூடினால் ஓரிரு நாளிலேயே வெளிறல் வரும். 1–2 டிகிரி கூடினாலும், சில வாரம் நீடித்தால் அதே விளைவுதான்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிகழ்வு 1982–83இல் வந்தபோது, பனாமாவின் பசிபிக் கரைப் பவளங்கள் பேரளவில் மடிந்தன. அதற்குச் சூடே காரணம் என்பதைப் பீட்டர் கிளின்னும் லூயிஸ் டிகுரோஸும் 1990இல் தொட்டிச் சான்றுடன் நிறுவினர். குளிர்நீர் மேலெழும் பனாமா வளைகுடாவின் பவளங்கள், அப்படிக் குளிர்நீர் மேலெழாத சிரிக்கி வளைகுடாவின் பவளங்களைவிட எளிதில் பாதிக்கப்பட்டன. செயற்கைக்கோள் தரவைக் கொண்டு அமெரிக்காவின் நோவா அமைப்பு தரும் வெளிறல் எச்சரிக்கையில், வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் 1 டிகிரி என்பதே வரம்பு. அந்த வரம்புக்கு இந்த ஆய்வும் ஓர் அடிப்படை.

1990களில் கவனம் பாசியின் ஒளிச்சேர்க்கை மீது திரும்பியது. சூட்டோடு கடும் வெளிச்சமும் சேரும்போது ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதடைந்து, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன. எனவே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தாத தொட்டிச் சோதனையை நம்பிவிட முடியாது. எந்தப் பாசி குடியிருக்கிறது என்பதும் முக்கியமானது. பெர்கெல்மன்ஸும் வான் ஓப்பனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வேறொரு பாசி வகைக்கு மாறிய அக்ரோபோரா பவளங்கள் 1–1.5 டிகிரி கூடுதலாகத் தாங்கின.

2013இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே திறக்கப்பட்ட தேசியக் கடல் ஒப்புருவாக்க மையம், வெப்பம், ஒளி, நீரின் அமிலத்தன்மை ஆகியவற்றை மாதக்கணக்கில் விரும்பியபடி வைத்திருக்க வழிசெய்தது. மறுபுறம், கடையில் கிடைக்கும் பொருள்களால் செய்து கப்பலிலும் கடற்கரையிலும் வைக்கத்தக்க ‘சிபாஸ்’ தொட்டிகள் வந்தன. ஒரே பவளத்தின் துண்டுகள் வெவ்வேறு சூடுள்ள தொட்டிகளில் வைக்கப்படுகின்றன. 18 மணி நேரத்தில் சோதனை முடிந்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கைத் திறன் பாதியாகும் வெப்பநிலையே அந்தப் பவளத்தின் அளவுகோல். செங்கடல் பவளங்களில் 2020இல் வெளியான ஒப்பீட்டில், வாரக்கணக்கில் நீளும் சோதனை காட்டிய வேறுபாட்டை இந்தக் குறுஞ்சோதனையும் காட்டியது.

தாங்குதிறன் மிக்க தாய்ப் பவளங்களை விரைவாகத் தேர்ந்தெடுக்க இது பெரும் உதவி. ஆனால் வெளிறிய பவளம் பாசிகளை மீண்டும் சேர்த்துக்கொண்டு பிழைக்கிறதா, அடுத்த பருவத்தில் முட்டையிடுகிறதா என்பதை 18 மணி நேரம் சொல்லாது. அதற்கு நீண்டகாலத் தொட்டிகளே இன்றும் தேவைப்படுகின்றன.