எருக்கந்தூண்கள்

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும்தான் நம் மனக்கண்முன் எழுகின்றன. கதை எழுதுகிறவர்களுக்கு அரசர்களின் கோட்டைகள் மீது தீராத மோகம். நானும் அதற்கு விலக்கல்ல. ஆனால், சிற்றூர்த் தலைவன் ஒருவன் வீட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணையே மதிலாக எழுப்பி வாழ்ந்தானே, அவன் கதையை எழுதுவார் யார்?

இங்கிலாந்தில் அத்தகைய அகழி வீடுகளின் தடங்கள் ஏறத்தாழ 6,000 உண்டு. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் எழுந்தவை. பெரும் படையை அவை தடுத்திருக்க மாட்டா. அகழியில் மீன் வளர்ந்தது, கள்வன் தயங்கினான். எல்லாவற்றுக்கும் மேலாக, "உள்ளே இருப்பவர் பெரிய மனிதர்" என்று அந்த நீர் ஊராருக்குச் சொல்லாமல் சொல்லிற்று!

நம் தொண்டை நாட்டுக்கு வருவோம். அது 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது; புழற்கோட்டம் அவற்றுள் ஒன்று. இக்கோட்டங்களில் குறும்பர் தலைவர்கள் அரண் அமைத்து ஆண்டார்கள் என்பது செவிவழி வரலாறு. காலின் மெக்கன்ஸி திரட்டிய சுவடிகளிலும் அது இடம் பெற்றிருக்கிறது.

அந்த அரண்கள் எங்கே போயின என்று கேட்பவர்கள், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலில் இறங்கிப் பார்க்கலாம். மாசிலாமணீசுவரர் சந்நிதியில் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. வாணன், ஓணன் என்ற குறும்பர்களைத் தொண்டைமான் வென்று, அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை அவை என்கிறது தலபுராணம். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தியைச் சுந்தரரும் தம் பதிகத்தில் பாடியிருக்கிறார். அவனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டவர் என்பதால், நந்தி அங்கே சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கியிருக்கிறார்.

வென்றவனுக்குப் பதிகம் இருக்கிறது, புராணம் இருக்கிறது, துணைக்கு நந்தி பகவானே இருக்கிறார். தோற்றவனுக்கு எஞ்சியவை இரண்டு தூண்கள் மட்டுமே. அவன் பெயரைக்கூட வென்றவன் கதையிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாழ்மனையில் எருக்கு முளைக்கும் என்பார்கள். இங்கேயோ மனை மண்ணோடு மண்ணாகிவிட்டது. எருக்கு மட்டும் கோயிலில் நிற்கிறது. அந்தத் தூண்களுக்கிடையே ஒரு காலத்தில் குழந்தைகள் ஓடி விளையாடியிருப்பார்கள். அந்தி நேரத்தில் ஒருத்தி விளக்கு ஏற்றி வைத்திருப்பாள். போர் மூண்ட அன்று அவர்கள் எந்தத் திசையில் போனார்கள்? எந்தத் தலபுராணமும் அதைச் சொல்லவில்லை. திருமுல்லைவாயிலுக்குப் போகிறவர்கள் சுவாமியைக் கும்பிட்ட பிறகு, அந்தத் தூண்களின் அருகிலும் ஒரு நிமிஷம் நிற்கலாம்.